மார்வினிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எப்படி

வெஸ்டர்பியில் யாரும் யார் வீட்டிலிருந்தும் ஒரேயடியாகக் கிளம்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், ஒரு தானியக் கிடங்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு லூத்தரன் தேவாலயங்களும் கொண்ட அந்த ஊரில், விடைபெறுவது ஒரு செயல் அல்ல, ஒரு பருவம். விருந்தாளி நாற்காலியில் இருந்தபடியே இரு கையாலும் தொடையில் தட்டி, "சரி… அப்பக் கிளம்ப வேண்டியதுதான்" என்பார். மற்ற ஊர்களில் தொடை தட்டினால் மல்லுக்கு வா என்று பொருள். இங்கே இன்னொரு காபி வரும் என்று பொருள். காபி முடிந்தபின் எழுந்து நிற்பார்கள், நின்றுகொண்டே பேச வேண்டிய விஷயங்கள் என்று தனியாகச் சில உண்டு. பிறகு கதவருகே கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஒரு பேச்சு. பிறகு வாசலில் பனியில் விறைக்க விறைக்க ஒன்று. கடைசியில் காரின் கண்ணாடியை இறக்கி, இன்ஜின் உறும, பின்சீட்டில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போயிருக்க, ஊரில் யாருக்கு என்ன ஆபரேஷன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். எல்லாம் முடிந்து வீட்டுக்காரர் கார்க் கூரையில் தட்டி, "மான் குறுக்க வரும், பாத்துப் போங்க" என்பார். விருந்தாளியின் வீடு எதிர்ச்சாரியிலேயே இருந்தாலும் மான் வரத்தான் செய்யும்.

இந்தக் கலையில் ஆர்டிஸ் நைகார்டை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இருந்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்த காலத்தில், தட்டில் மசித்த உருளைக்கிழங்கை வைத்த கையோடு ஒவ்வொரு பிள்ளையையும் அவள் வழியனுப்பிவைப்பாள். அம்மாவுக்குக் காய்ச்சல் தேவலையா, பசு கன்று போட்டாச்சா, ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது பார், மேஜை வரைக்கும் பார்த்துப் போ. வரிசையின் கடைசிப் பிள்ளை தட்டை வாங்கும்போது சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிடும். அந்தப் பிள்ளைகள் இன்று நாலாபக்கமும் சிதறி, தலை நரைத்து, விமான நிலையங்களில் ஒற்றைக் கையசைப்போடு பிரிந்துகொண்டிருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒரு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஆர்டிஸ் அனுப்பிவைத்ததுபோல் அதன்பிறகு கடல் கடந்து போகும்போதுகூட யாரும் தங்களை அனுப்பிவைக்கவில்லை என்பார்கள்.

அவள் கல்யாணமே ஒரு விடைபெறுதலின் பக்கவிளைவுதான். லோவெல் நைகார்ட் என்ற வாலிபன் ஒரு நாள் அவள் அப்பாவிடம் உழுத நிலத்தைச் சமன்செய்யும் பழைய பரம்பு ஒன்று விலைக்கு இருக்கிறதா என்று கேட்க வந்தான். இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வேலை அதோடு முடிந்தது. அவன் கிளம்பத் தொடங்கினான். ஆர்டிஸ் வாசல்வரை வந்தாள். அப்பா மாடுகளைப் பால் கறக்கப் போய்விட்டுத் திரும்பினார், இருவரும் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார், லோவெல் லாரிக்குள் உட்கார்ந்திருந்தான், கண்ணாடி இறங்கியிருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். "ஏம்பா," என்றார் அவர், "மிச்சத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் வச்சுக்கக் கூடாதா? கொசு கடிக்குது." அப்படித்தான் முடிந்தது. பரம்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு லோவெல் மாவட்ட நிர்வாகத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டினார். ஓய்வுபெறச் சில வருஷம் இருக்கும்போது மார்வின் என்ற நாய் வந்தது. பாதி லாப்ரடார், மீதி பக்கத்துப் பண்ணையின் ரகசியம். உடம்பு கறுப்பு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது ஓய்வாகவும் இருக்கும். மார்வின் என்பது லோவெலின் பழைய மேலதிகாரியின் பெயர். "உக்காரு மார்வின்", "வாய மூடு மார்வின்" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில் அவருக்கு அலாதியான ஆனந்தம். அந்தப் பெயர் கொண்டவர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது நாயும் அவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். நாய்க்கு லாரியில் அவருக்குப் பக்கத்து இருக்கைதான் வீடு. பனி எப்படிக் கொட்டினாலும் அந்த ஜன்னலில் ஒரு கறுப்பு மூக்கு தெரியும், சாலையோரத்துப் பண்ணைகளில் அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார்கள்.

பிறகு ஒரு மார்ச் மாதக் காலையில் லோவெல் தபால் எடுத்துவரப் பாதை முனைவரை போனார். தபால் பெட்டிக்கு யாரும் நாயைக் கூட்டிப்போவதில்லை, யாரும் சொல்லிக்கொண்டும் போவதில்லை. வெஸ்டர்பியில் சொல்லாமல் போகலாம் என்று அனுமதி உள்ள ஒரே இடம் அதுதான். மார்வின் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. ஆர்டிஸ் அடுப்பில் முட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தபால் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே அவருடைய இதயம் நின்றுவிட்டது.

கோடையில் பண்ணை வீட்டை விற்றுவிட்டு, ஊருக்குள் க்ளேட்டன் ஹெக்லண்டின் இரண்டடுக்கு வீட்டில் கீழ்த்தளத்துக்கு ஆர்டிஸும் மார்வினும் குடிவந்தார்கள். மேலே க்ளேட்டன். கல்யாணமாகாதவர். இன்னொரு லூத்தரன் தேவாலயத்தில் வாழ்நாளெல்லாம் ஆர்கன் வாசித்தவர், அதனால் காது மிகக் கூர்மை. அவள் வெளியே போனதும் மார்வின் ஆரம்பிக்கும். முதலில் கதவைப் பிறாண்டும், பிறகு ஜன்னல் திரையை இழுத்துக் கீழே கொண்டுவரும், பிறகு தலையை உயர்த்தி ஒரே மூச்சில் ஊளையிடும். ஆர்டிஸ் திரும்பி வரும்வரை அதன் மூச்சுக்குக் குறைவிருக்காது. ஒருமுறை பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கிறிஸ்துமஸ் பாடல்கள் வரை தின்றிருந்தது, மிச்சத்தை ஈஸ்டருக்கு வைத்திருந்ததுபோலும்.

வெஸ்டர்பியில் புகார் சொல்வதற்கும் ஒரு மரியாதை உண்டு. முதல் தடவை க்ளேட்டன் அஞ்சறைப் பெட்டி மாதிரி அடுக்கிய தன் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில், "உங்க மார்வினுக்கு நல்ல குரல்" என்றார். ஆர்டிஸ் நன்றி சொன்னாள். இரண்டாம் தடவை, "நேத்து அவன் மேல் சுரத்த ரொம்ப நேரம் பிடிச்சான். எங்க பாடகர் குழுவுல யாருக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது" என்றார். ஆர்டிஸுக்கு அன்று தூக்கம் வரவில்லை. மூன்றாம் தடவை அவர் வீட்டில் சுட்ட ஆப்பிள் பை என்ற பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோதே விஷயம் முற்றிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு அவர் தன் பூட்ஸைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்க பெரியப்பா மகன் ஆர்னி வடக்க பண்ணை வச்சிருக்கான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வரான்."

"அப்படியா. நல்லது."

"திரும்பிப் போறப்ப வண்டிப் பின்னாடி காலியாத்தான் இருக்கும்."

"ம்."

"அங்க நாய்ங்க ஓடியாட நிறைய எடம். யாருக்கும் தொந்தரவில்ல. யாரும் யாரையும் விட்டுட்டுப் போகவும் போறதில்ல. சும்மா சொன்னேன்."

இதைவிடப் பச்சையாக வெஸ்டர்பியில் ஒரு மனிதன் பேச முடியாது. அந்தப் பலகாரத்தை ஆர்டிஸ் தொடவில்லை. லோவெல் விட்டுப்போனதில் மூச்சுவிடும் ஒரே பாகம் மார்வின்தான். அது வடக்கே போனால், அதன்பிறகு அவளுக்காக ஜன்னலில் நிற்க வேறு யாரும் இல்லை.

கால்நடை மருத்துவர் தெரேசா கபூட்டோ நியூஜெர்சியிலிருந்து வந்தவள். ஊருக்கு வந்த முதல் நாள் காபிக் கடையில் குடித்து முடித்து, "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே போய்விட்டாள். கடைக்காரம்மா அவள் திரும்பி வருவாள் என்று கோப்பையை மதியம்வரை எடுக்கவில்லை. அப்படிப்பட்டவளை ஆர்டிஸ் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு அழைத்தாள்.

"நீங்க வழக்கமா எப்படிக் கிளம்புவீங்களோ, அப்படியே கிளம்பிக் காட்டுங்க," என்றாள் டாக்டர். "நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க."

ஆர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தட்டினாள். மேஜைக்கடியில் குறட்டைவிட்டுக்கொண்டிருந்த மார்வின் குண்டு விழுந்ததுபோல எழுந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் இறங்கியது. அவள் தரையில் மண்டியிட்டு அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள்.

"மார்வின், ராஜா, நான் சர்ச்சுக்குப் போறேன். பாட்டுப் பயிற்சி. லவோன் வருவா, அவளுக்கு இடுப்பு வலி, உனக்குத்தான் தெரியுமே. பாட்டு முடிஞ்சா காபி. காபி முடிஞ்சா நேரா வீடு. பாஸ்டர் ஜெபத்த ஆரம்பிச்சுட்டா கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும், அதுக்கு நான் பொறுப்பில்ல. நீ அழக் கூடாது. அழ மாட்டதானே? அழாத."

மார்வின் அழத் தொடங்கியது. ஆர்டிஸ் கோட்டைப் போட்டாள், திரும்பி வந்து மறுபடி மண்டியிட்டாள், அதே நிகழ்ச்சி நிரலை இன்னும் விளக்கமாகச் சொன்னாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள், கதவுவரை போனாள், மறந்துபோன ஏதோ ஓர் ஆறுதல் வார்த்தைக்காகத் திரும்பினாள். டாக்டர் தன் காபியைக் குடித்து முடித்து, ஆர்டிஸின் காபியையும் குடித்து முடித்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இல்லையே. வாசல்ல ஒண்ணு இருக்கு. அப்புறம் ஜன்னல் வழியா ஒண்ணு."

"ஆர்டிஸ், என்கிட்ட யாராவது இவ்வளவு நேரம் சொல்லிட்டுப் போனா, அவங்க போருக்குப் போறாங்கன்னுதான் நினைப்பேன். திரும்பி வருவாங்கன்னு நம்பவே மாட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும் அவன நடுங்கவச்சுட்டு, நடுங்கற நேரத்துல கதவ மூடிட்டுப் போறீங்க."

"அப்ப என்ன பண்ணணும்?"

"சொல்லாமப் போங்க. வந்ததும் கட்டிப்பிடிச்சு அழாம, சும்மா வாங்க. பாத்ரூம் போயிட்டு வர மாதிரி."

ஆர்டிஸ் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்வின் அவள் மடியில் தாடையை வைத்தது.

"சொல்லாமப் போறதா. லோவெல் அப்படித்தான் போனாரு," என்றாள். "ஒரு வார்த்தை இல்ல. தபால் பெட்டிக்குப் போக யாரு சொல்லிட்டுப் போவா? இவன் ஜன்னல்ல நின்னான். இன்னும் அங்கதான் நிக்கறான். அதான் நான் ஒண்ணு விடாம சொல்லிட்டுப் போறேன், டாக்டர். இவனுக்காவது தெரியணும்ல, நான் எங்க போறேன், எப்ப வரேன்னு."

நியூஜெர்சிக்காரி அன்று வெஸ்டர்பியில் முதல்முறையாக உடனே கிளம்பவில்லை. இன்னொரு காபி தானே ஊற்றிக்கொண்டாள்.

"அவனுக்கு வார்த்தை புரியாது, ஆர்டிஸ்," என்றாள் கடைசியில். "போனவங்க திரும்பி வர்றத அவன் திரும்பத் திரும்பப் பாக்கணும். பாத்துப் பாத்து அவனுக்கே அலுத்துப்போகணும். அலுப்புதான் மருந்து." பிறகு எழுந்து, "வரேன்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஆர்டிஸ் நைகார்ட் தன் வாழ்நாளின் கலையைப் பின்னிருந்து முன்னாகப் பயின்றாள். முதல் பாடம், தொடையில் தட்டிவிட்டு எழுந்திருக்காமல் இருப்பது. கேட்பதற்குச் சுலபம். அவளுடைய முழங்கால்கள் அந்தத் தட்டலைக் கேட்டுப் பழகியவை, தாமாகவே நிமிர்ந்துகொள்ளும். தட்டுவாள், மார்வின் துள்ளி எழும், அவள் ஸ்வெட்டர் பின்னத் தொடங்குவாள். மார்வின் ஏமாந்து படுக்கும். மறுபடி தட்டுவாள். சில நாளில் மார்வின் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும் நிலைக்கு வந்தது. பிறகு சாவிக்கொத்தைக் கையில் குலுக்கிக்கொண்டு போய்க் கேரட் சீவினாள். கோட்டு, தொப்பி, பூட்ஸ் சகிதமாகத் தொலைக்காட்சியில் வினாடி வினா பார்த்தாள். பிறகு கதவுக்கு வெளியே போய், மார்வின் மூக்கை உயர்த்துவதற்குள் உள்ளே வந்தாள். போனாள், வந்தாள். வரும்போதும் "என் தங்கமே" என்று சொல்லாமல், நேரே போய்க் குழாயைத் திறந்து கைகழுவினாள். இந்தக் கடைசி நிபந்தனைதான் அவளைக் கொன்றது. குழாயடியில் நின்றுகொண்டு உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

வெளியே போகும்போது மட்டும், உள்ளே குடைந்த மாட்டெலும்பில் வேர்க்கடலை வெண்ணெய் அடைத்து வைப்பது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மார்வினுக்கு அவள் போவதில் ஓர் ஆதாயம் தெரியத் தொடங்கியது.

இதையெல்லாம் மேல்ஜன்னலிலிருந்து க்ளேட்டன் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்திலிருந்து எட்டிப்பார்க்கும் மரக்குயில்போல ஒரு விதவை தன் வீட்டிலிருந்து கோட்டோடு வெளியே வருவதும், வானத்தைப் பார்ப்பதும், உள்ளே போவதும், மறுபடி வருவதும். அவர் முடிதிருத்தும் கடையில் சொன்னார். வம்பு பேசவில்லை, "ஆர்டிஸ் இப்பல்லாம் நிறைய காத்து வாங்கறாங்க" என்று மட்டும்தான் சொன்னார். ஊருக்கு அது போதும். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. துக்கத்துக்கு வெஸ்டர்பி அறிந்த ஒரே வைத்தியம், கொத்துக்கறியையும் காளான் சூப்பையும் கொட்டி, மேலே பொரித்த உருளைக்கிழங்கை அடுக்கி, ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ். அடுத்த வாரமே கண்ணாடிப் பாத்திரங்கள் ஊர்வலமாக வந்தன.

"சும்மாதான், கொஞ்சம் ஜாஸ்தியா பண்ணிட்டேன்," என்பார்கள். ஏன் வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்று ஆர்டிஸும் கேட்கவில்லை. ஆனால் வந்த ஒவ்வொருவரும் போயாக வேண்டுமே. ஒவ்வொருவரும் தொடையில் தட்டினார்கள், அது நிஜத் தட்டல். ஒவ்வொருவரும் கதவருகே கண்கலங்க நின்றார்கள். மார்வினுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் போயிற்று. தபால்காரர் வீட்டம்மா வாசலில் நின்று விடைபெற்ற நீளத்தில், அது குடைஸ்டாண்டைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. மேலே க்ளேட்டன் ஜன்னலைச் சாத்தும் சத்தம் மிக மரியாதையாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் சிநேகிதி லவோன் வந்தபோது ஆர்டிஸ் முதல்முறையாக முழுசாகச் சொன்னாள். லவோன் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்னும் கீழ்க்குரல் பாடுபவள், இடுப்பு வலிக்காரி, எதையும் ஊருக்குள் நடத்திக்காட்டக்கூடியவள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "நாங்க உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னுல்ல நினைச்சோம். நான் ரெண்டு ஹாட்டிஷ் பண்ணேன்டி."

"ரெண்டாவதுல உப்பில்ல."

"பைத்தியத்துக்கு உப்பு எதுக்குன்னு விட்டுட்டேன்." லவோன் யோசித்தாள். "சரி. இனிமே இந்த வீட்டுலேர்ந்து யாரும் சொல்லிட்டுப் போகக் கூடாது. நானே ஆரம்பிச்சு வைக்கறேன். போன வாரம் ஜெனீவா பொண்ணு கல்யாணத்துல கேக்கு…"

வாக்கியத்தின் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டாள். கதவு மூடியது. மார்வின் கதவைப் பார்த்தது, ஆர்டிஸைப் பார்த்தது, காலை நக்கிக்கொண்டது. அப்படியொரு அமைதி.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. லவோன்தான். வீடு போய்ச் சேர்ந்திருந்தாள்.

"ஆர்டிஸ், காருல உக்காந்து அழுதுட்டேன். திருடி மாதிரி ஓடி வந்துட்டேனே. எங்கம்மா உயிரோட இருந்தா என்னைய வீட்டுல சேத்திருக்க மாட்டா. சரி, அப்ப நான் கிளம்பறேன், என்ன?"

"இப்பத்தான வந்த, இன்னும் கொஞ்ச நேரம் இரேன்," என்றாள் ஆர்டிஸ், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

அந்த விடைபெறுதல் அழகாக நீண்டது. கேக்குக்கு என்ன ஆயிற்று என்பதும் அதில் வந்தது. முடிவில் லவோன் மான் குறுக்கே வரும் என்று எச்சரித்தாள். இருவரும் அவரவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மார்வின் தொலைபேசியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தூங்கியது.

அதன்பிறகு ஊர் அப்படியே நடந்துகொண்டது. ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தவர்கள் பேச்சின் நடுவே எழுந்து, கண்ணில் நீர் முட்ட, ஊமைகளாக வெளியேறினார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்த் தொலைபேசியைப் பிடித்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அவளுடைய எண் எப்போதும் உபயோகத்திலேயே இருந்தது. பாஸ்டர் மட்டும் பாதி ஜெபத்தில் எழுந்துபோய், மீதியைத் தொலைபேசியில் முடித்தார். ஆமென் தெளிவாகக் கேட்டதாக ஆர்டிஸ் சொல்லுவாள். மார்வினுக்கு மனிதர்கள் என்பவர்கள் மேகங்கள்போல, வருவார்கள், காணாமல் போவார்கள், அதில் பதறுவதற்கு ஒன்றுமில்லை என்ற தத்துவம் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

ஆனால் எல்லாம் சிறு சிறு பிரிவுகள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து. கருவாட்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவி, வேகவைத்து, அது மீனா பசையா என்று தீர்மானிக்கும் முன் உருக்கிய வெண்ணெயை ஊற்றி விழுங்கிவிடுவது. முன்னோர் பசியில் செய்ததைப் பேரப்பிள்ளைகள் பக்தியில் செய்தார்கள். அந்த விருந்துக்கு உருளைக்கிழங்கு வேகவைப்பது எந்தக் காலத்திலும் ஆர்டிஸ்தான். சாயங்காலம் முழுக்க வெளியே இருந்தாக வேண்டும். க்ளேட்டனோ மற்றத் தேவாலயத்துக்காரர், இந்த மீனை வாசலில்கூட அனுமதிக்காதவர். வீட்டில் இருப்பார், கேட்டுக்கொண்டிருப்பார். ஆர்னி நாளைக்கு வருகிறான்.

அவள் எலும்பை மார்வின் முன்னால் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. கதவை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். மார்வினுக்குத் தன் காரின் சத்தம் தெரியும் என்பதால் லவோன் அடுத்த முனையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொல்லல."

"ஒண்ணுமே?"

"வாய மூடிக்கிட்டு ஓட்டு, லவோன்."

நிலவறையில் கூட்டம் நெரிந்தது. ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. நீள மேஜைகளில் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது, லெஃப்சே என்ற மெல்லிய ரொட்டி சுருட்டிச் சுருட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக லோவெல் கதவோரம் நின்று, வருபவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவார், போகிறவர்களின் கோட்டைக் கொடுக்காமல் பேசிக்கொண்டிருப்பார். இந்த வருஷம் அந்த இடத்தில் கோட்டு மாட்டும் ஓர் இரும்புத் தாங்கியை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் அதனிடம் தாங்களே கோட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்தார்கள்.

"ஆர்டிஸ், உருளைக்கிழங்கு கஞ்சியாயிடுச்சு," என்றாள் லவோன்.

ஆர்டிஸ் அண்டாவுக்குள் பார்த்தாள். அந்தக் கைக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. வேறொரு அண்டாவை ஏற்றினாள். அதுவும் ஒரு கொதி கூடிவிட்டது. சாப்பிட்டவர்கள் "இந்த வருஷம் உருளைக்கிழங்கு ரொம்ப மிருதுவா இருக்கு" என்றார்கள். கடைசிப் பந்தி உட்கார்ந்ததும் அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். கூடத்தைக் கடந்து போனால் ஊர் முழுக்க விடைபெற வேண்டும், பாதியை முடிப்பதற்குள் ஆர்னியே வந்துவிடுவான். பாஸ்டர் எதிரே வந்து, "ஆர்டிஸ், போன வருஷம் லோவெல் இதே எடத்துல என்ன சொன்னாருன்னா…" என்று ஆரம்பித்தார்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மேஜைகளுக்கு நடுவே நடந்தாள். யாரையும் பார்க்கவில்லை, யார் தோளையும் தொடவில்லை, கோட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. சிலர் எழுந்து நின்றார்கள், எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை. "விடுங்க, விடுங்க," என்று லவோன் அண்டாவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அவ போன் பண்ணுவா."

ஆர்டிஸ் உறைந்த தெருவில் நடந்து வந்தாள். வங்கி மூலை திரும்பினால் ஊளை கேட்கும் தூரம். கேட்கவில்லை. வீட்டு வாசல் தெரிந்தது, அப்போதும் கேட்கவில்லை. ஊளையைவிட அது பயமாக இருந்தது. கதவு திறந்துவிட்டதோ, ஓடிவிட்டதோ, ஆர்னி ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டானோ. மாடிப்படியின் கடைசிப் படியில் க்ளேட்டன் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டீங்க."

"ம். கூட்டம்."

"மீன் எப்படி?"

"மோசமில்ல." அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இங்க?"

க்ளேட்டன் யோசித்தார். இசை விஷயத்தில் அவர் பொய் சொல்கிறவர் இல்லை. "நீங்க போன கொஞ்ச நேரத்துல ஒரு சுரம் எடுத்தான். நீட்டல. அப்புறம் எலும்ப உருட்டுனான். அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாம இருந்துச்சா, என்ன ஆச்சோன்னு எறங்கி வந்தேன். கதவுக்குப் பின்னாடி குறட்ட."

"குறட்டையா?"

"கீழ் ஸ்தாயி." தன் காலுறையைப் பார்த்துக்கொண்டார். "ஆர்னி போன் பண்ணான்."

ஆர்டிஸ் சாவியைத் தேடத் தொடங்கினாள்.

"பண்ணையில நாய்க்கு எடம் இல்லையாம்."

ஆர்னியின் பண்ணையில் இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்குப் போக நடுவில் பெட்ரோல் போட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"அப்படியா," என்றாள் ஆர்டிஸ். "பாவம். இப்பல்லாம் எட நெருக்கடி எல்லா ஊர்லயும்தான்."

"ஆமா. வடக்க ரொம்ப."

பிறகு க்ளேட்டன் எழுந்து மாடியேறிப் போனார்.

உள்ளே மார்வின் சமையலறைத் தரையில் பக்கவாட்டில் படுத்திருந்தது. எலும்பு தாடைக்குக் கீழே. ஒரு கண் திறந்து அவளைப் பார்த்தது, வால் தரையில் ஒருமுறை விழுந்தது, கண் மூடிக்கொண்டது. ஓடி வரவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் இதற்குத்தான் பாடுபட்டாள் என்பது நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று. கைகழுவினாள். தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது, நிலவறையில் அவளிடம் விடைபெற வரிசையில் நிற்கிறார்களோ என்னவோ. எடுக்கவில்லை. கோட்டைக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, மணி ஓய்ந்து குறட்டை மறுபடி தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.